காமராஜர் 5 ரூபாயா, கலைஞர் 100 ரூபாயா: எது மரியாதை?

உண்டியல்காரன்:
அம்மாவின் அஞ்சறைப்பெட்டியைக் கழுவ எடுத்தபோது வெந்தயத்துக்கு அடியில் ஒரு காமராஜர் 5 ரூபாய் கிடைத்தது. நூற்றாண்டுக்காக அடித்த காசு. அந்தக் காலத்துத் தடித்த செம்பு-நிக்கல், 9 கிராம். நெற்றியும் மீசையும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. எத்தனை பேர் கை பட்டிருக்கும்! 2024 ஆகஸ்டில் கலைஞருக்கு 100 ரூபாய் நாணயம் வெளியிட்டார்கள். அதை டீக்கடையில் யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நாணயச்சாலையில் முன்பதிவு செய்து, முகமதிப்பைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைப்பதற்குப் பெயர் நாணயமா, பதக்கமா? மரியாதை செய்வதென்றால் புழங்கும் காசில் செய்யுங்கள்.

நடுப்பக்கம்:
எனக்கு இரண்டுமே வேண்டாம். பொதுப்பணத்தில் அரசியல்வாதி முகம் எதற்கு? 1985-ல் இந்திரா, 1991-ல் ராஜீவ். ஆட்சி யாருடையது? காங்கிரஸ். 2001-ல் பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தை நிறுவிய சியாமா பிரசாத் முகர்ஜி 2 ரூபாய், 2018-ல் வாஜ்பாய் 100 ரூபாய். ஆட்சி யாருடையது? சொல்லவே வேண்டாம். அச்சு யார் கையிலோ அவர்கள் வீட்டுப் படம்தான் காசில்.

நாணயப்பித்தன்:
நடுப்பக்கம், பாதி சரி. இந்தியாவின் முதல் நினைவு நாணயமே நேருவுக்குத்தான். 1964 மே 27-ல் இறந்தார், நவம்பர் 14-ல் ஒரு ரூபாயும் 50 காசும் வந்துவிட்டன. ஆனால் அண்ணா 5 ரூபாயை எங்கே வைப்பீர்கள்? 1967-ல் தமிழ்நாட்டில் காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பியவர். 2009-ல் காங்கிரஸ் தலைமையிலான அரசுதான் அவருக்குக் காசு அடித்தது, அதுவும் படத்துக்குக் கீழே அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு. என் ஆல்பத்தில் அந்தக் கையெழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்காத விருந்தாளியே கிடையாது. கலைஞர் நாணயத்தை வெளியிட்டவர் ராஜ்நாத் சிங். அவர் என்ன திமுகவா?

நடுப்பக்கம்:
2009-ல் திமுக மத்திய அரசில் இருந்தது சார். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 2024 கதை இன்னும் ருசி. யாரை ஏன் அழைத்தார்கள், காசில் இந்தி ஏன் இருக்கிறது, 'தமிழ் வெல்லும்' என்று போட்டால் போதுமா என்று கட்சிகள் நாள்கணக்கில் சண்டை போட்டன. கலைஞரைப் பற்றி யார் பேசினார்கள்?

நாணயப்பித்தன்:
கூட்டணியை மறந்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இந்தி விஷயத்தில் சண்டைக்கே வேலையில்லை. மத்திய அரசு அடிக்கிற எந்தக் காசிலும் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும், உங்கள் பையில் இப்போது கிடக்கும் ஒரு ரூபாயிலும்கூட. தமிழ் வந்ததுதான் அங்கே செய்தி.

கண்டக்டர்மகள்:
நீங்க எல்லாரும் காசை ஆல்பத்துல பார்க்குறீங்க. எங்கப்பா 31 வருஷம் பஸ்ல பார்த்தவர். புது முகம் போட்டு காசு வந்தா, "இது செல்லாது, மாத்திக் குடுங்க"ன்னு சண்டை வர்றது மந்திரிகிட்ட இல்ல, கண்டக்டர்கிட்ட. 10 ரூபாய் காசு ஞாபகம் இருக்கா? ஒரு டிசைன்ல கோடு 10, இன்னொண்ணுல 15, ஏதோ ஒண்ணு கள்ளக்காசுன்னு ஊரே பேசுச்சு. 2018-ல ரிசர்வ் வங்கியே 14 டிசைனும் செல்லும்னு அறிக்கை விட்டுச்சு. அப்பா அதைப் பேப்பர்ல வெட்டி டிக்கெட் பையில வச்சிருந்தார். காட்டினா, "பேப்பர்ல ஆயிரம் போடுவான்"னு பதில் வரும். இதுல இன்னும் நாலு தலைவர் முகம் வேணுமா?

உண்டியல்காரன்:
தங்கச்சி, அது டிசைன் பிரச்சினை இல்லை, வதந்திப் பிரச்சினை. காமராஜர் காசை எங்கள் ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. அளவும் எடையும் சாதாரண 5 ரூபாய் போலவே இருந்தன, கண்ணை மூடித் தடவினாலே தெரியும். முகம் தெரிந்த முகம் வேறு. மளிகைக்கடை அண்ணாச்சி மீதி கொடுக்கும்போது "இந்தா, ஐயா வர்றாரு" என்பார்.

நடுப்பக்கம்:
உங்கள் ஊரில் தெரிந்த முகம். அதே காசு பாட்னாவில் போனால்? 2 ரூபாயில் சித்தரஞ்சன் தாஸ் வந்தபோது நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்தது? அந்தப் பதினொரு பக்கக் காசில் கண்ணாடி போட்ட ஆளெல்லாம் எங்கள் தெருவில் "யாரோ வாத்தியார்".

உண்டியல்காரன்:
அந்த "யாரோ வாத்தியார்" யாரென்று நான் வகுப்பில் எழுந்து கேட்டேன், சுதந்திரப் போராட்டக்காரர் என்று தெரிந்துகொண்டேன். 100 ரூபாய் காசைப் பார்த்து எந்தப் பையன் கேள்வி கேட்பான்? அவன் கண்ணிலேயே படாதே.

நாணயப்பித்தன்:
புழங்கும் காசிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கென்னடி சுடப்பட்டு நாலு மாதத்தில், 1964 மார்ச்சில், அமெரிக்கா அவர் முகத்தோடு அரை டாலர் விட்டது. கடையில் செலவழிக்கத்தான் அடித்தார்கள். வெள்ளிக் காசு, போதாததற்கு எல்லாருக்கும் பிரியமான மனிதர். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். அரை டாலர் என்ற காசே மெல்ல அங்கே கைமாறுவது நின்றுபோனது. பிரியம் கூடினாலும் காசு நகராது. உங்கள் காமராஜரும் வெந்தயத்துக்கு அடியில்தானே கிடந்தார்?

கண்டக்டர்மகள்:
😂 அண்ணே, மாட்டிக்கிட்டீங்க. இனி அதைச் செலவு பண்ணுவீங்களா, மாட்டீங்களா?

நாணயப்பித்தன்:
செலவு பண்ணும் முன் நாணயச்சாலைக் குறியைப் பார்த்துச் சொல்லுங்கள். பொதுவாக ஆண்டுக்குக் கீழே இருக்கும். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

உண்டியல்காரன்:
தேய்ந்த தேய்ப்பில் குறி தெரியவில்லை சார். காலையில் பால் வாங்கப் போனபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். கல்லாவுக்கு முன்னால் கையிலும் எடுத்தேன். அப்புறம் ஜிபே பண்ணிவிட்டு வந்துவிட்டேன்.