இஸ்தான்புல் பழைய நகரில் எந்தப் பக்கம் தங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவோடு நான்கு நாள் இஸ்தான்புல் போகிறேன். சுல்தான் அகமது பகுதியில் ஒரு பழைய மரவீட்டு ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறேன். 537-இல் கட்டி முடித்த ஹாகியா சோஃபியா, நீல மசூதி, 336 தூண்கள் நிற்கும் நிலத்தடி நீர்த்தேக்கம் எல்லாமே நடந்துபோகும் தூரம்தான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வாசல் தெரு கடலை நோக்கிச் சரிகிறது, தரையெல்லாம் கல் பாவியிருக்கிறது. காலையில் ஏறுவதும் மாலையில் களைத்துப்போய் இறங்குவதும் அவங்களுக்குத் தாங்குமா? பேசாமல் டிராம் நிறுத்தத்தை ஒட்டியே தங்கிவிடலாமா?

தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, அதனால் புதனுக்கு வைத்திருக்கிறேன். பாஸ்பரஸ் நீரிணையில் படகில் போக அம்மாவுக்கு ரொம்ப ஆசை. எமினோனு படகுத்துறையில் ஏற இறங்க சிரமம் இருக்குமா? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்கள், இந்த வாரமே அறையை முடிவு செய்யணும்.