ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ மீதான கோபம் நியாயமானதா?

கேள்வி (அடையாறு):
1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொகுப்பால் புகழின் உச்சிக்குச் சென்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரேடியோஹெட், 2000இல் ‘கிட் ஏ’யில் கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளியபோது, பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழ் அதைக் கடுமையாகச் சாடியது. அந்தக் கோபம் நியாயம்தானா?

பதில் (மயிலாப்பூர்):
நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. முதல் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள்: கீபோர்டின் சில ஸ்வரங்கள் திரும்பத் திரும்பச் சுழல, குழுவின் பாடகர் தாம் யார்க்கின் குரல் துண்டுதுண்டாக வெட்டப்பட்டு அவற்றின் ஊடே மிதந்து வருகிறது. மார்கழிக் கச்சேரியில் தெரிந்த கீர்த்தனைகளை எதிர்பார்த்து அமர்ந்தவர், பாடகர் ராகம் தானம் பல்லவியில் நெடுநேரம் சஞ்சரித்தால் பொறுமையிழப்பதைப் போன்றதுதான் அன்றைய எரிச்சல்.

பதில் (பெரம்பூர்):
ஐயா, அது முழு உண்மையாகாது. ஏபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற மின்னணு இசைக் கலைஞர்கள் தொண்ணூறுகளிலேயே உழுத நிலத்தை இவர்கள் தாமதமாக வந்தடைந்தார்கள் என்ற விமர்சனத்தில் வலு இருக்கிறது. ஆனாலும், இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து வழங்கியது விமர்சகர்கள் எல்லோரும் சாடவில்லை என்பதையும், தனிப்பாடல் (சிங்கிள்) எதுவும் வெளியிடாமலேயே தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது ரசிகர்கள் விமர்சகர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் காட்டுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது, குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் ஓந்த் மார்த்தனோ என்ற பழைய மின்னணு இசைக்கருவியில் எழுப்பும் அந்த விம்மல்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் ஆட்டெக்கரைக் கேட்டுவிட்டு, பிறகு ‘கிட் ஏ’க்குத் திரும்புகிறேன்.