நான்கு வருடம் பத்து மாதம்: பணிக்கொடை கிடைக்குமா? (2023 ஏப்ரல் உரையாடல், அப்போது நடப்பில் இருந்த சட்டப்படி)

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக 2018 ஜூன் 4 அன்று சேர்ந்து, 2023 மார்ச் 31 அன்று ராஜினாமா செய்து விலகினேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசியாக 15,600 ரூபாய். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கேட்டால் முதலாளி சொல்வது இது: ஐந்து வருடம் ஆகவில்லை, 2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்ததால் பணித்தொடர்ச்சி அறுந்துவிட்டது, அப்படியே வந்தாலும் நோட்டீஸ் கொடுக்காததற்குப் பிடித்துக்கொள்வார். "கணக்கு தீர்ந்தது, கையெழுத்துப் போடம்மா" என்று ஒரு தாளையும் நீட்டினார்கள். போடாமல் வந்துவிட்டேன். கடைசி வருடம் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சம்பளமில்லாமல் 38 நாள் விடுப்பில் இருந்தேன். அதுதான் உதைக்கிறது.

பழைய டைம் ஆபீஸ்:
கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது அம்மா. கோவை மில் ஒன்றில் 31 வருடம் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதியவன் நான். இந்தச் சாக்குகள் எனக்கு மனப்பாடம்.

1972 பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடம் கேட்பது உண்மை. ஆனால் அதன் 2ஏ பிரிவின்படி, 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடத் தொடர்பணி. இதை வைத்துத்தான் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நான்கு வருடத்தோடு ஐந்தாம் வருடத்தில் 240 நாள் இருந்தால் போதும் என்றது. ஊரடங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றால் தொடர்ச்சி அறுவதில்லை. கம்பெனியைப் பூட்டியது நீங்களா என்ன?

பணிக்கொடையைப் பறிப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்களெல்லாம், சேதம், அடிதடி போன்றவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு. நீங்களாக விலகியவர். நோட்டீஸ் பாக்கி அதில் வராது.

தொகை: மாதத்துக்கு 26 நாள் கணக்கு, 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. ஒவ்வொரு வருடப் பணிக்கும் பதினைந்து நாள் சம்பளம், அது 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகச் சேரும், ஆக ஐந்து வருடத்துக்கு 45,000. யாராவது 30-ஆல் வகுத்துக் காட்டினால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

கரூர்க்காரன்:
ஐயா, 2022 ஜூன் 4 முதல் எண்ணினால் 301 நாள். விடுப்பு போக 263. மஸ்டரில் விடுப்பில் சேராத 37 ஞாயிறுகளையும் கழித்துவிட்டு 226 என்று காட்டினால்?

பழைய டைம் ஆபீஸ்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. நானே அப்படி எழுதச் சொல்லப்பட்டிருக்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிறு சம்பளத்தோடு கூடிய விடுமுறை. தொழில் தகராறு சட்டத்தின் 240 நாள் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அதையே இங்கும் வாதமாக வையுங்கள். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் அம்மா, பி.எஃப். பாஸ்புக்கையும் அச்செடுங்கள். முதலில் முதலாளிக்குப் படிவம் 'ஐ' (ஆங்கில I), பணிக்கொடை கேட்கும் விண்ணப்பம், ஏப்ரல் 30-க்குள், பதிவுத் தபாலில். மறுத்தால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் படிவம் 'என்' (ஆங்கில N). அதைக் கொடுக்க 90 நாள் அவகாசம்.

நூல்கண்டு:
சீட்டுகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தன ஐயா. மூன்று மாதத்தது மட்டும் இல்லை, அவை வங்கிக் கணக்கில் இருக்கின்றன. நாளை தபால் நிலையம் போகிறேன்.