ஆராய்ச்சிக்கு பைத்தான் ஒன்றே போதுமா?

பொங்கோல்_செந்தில்:
தங்கை ஆகஸ்ட்டில் இங்கே சிங்கப்பூரிலேயே உயிரியலில் பிஎச்டி தொடங்குகிறாள். லேபில் இருக்கும் சீனியர்கள் முதலில் 'ஆர்' என்ற நிரல்மொழியைப் படித்துவிட்டு வா என்கிறார்களாம். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிகிறது. வேலை விளம்பரம் எதைத் திறந்தாலும் பைத்தான், நாளைக்குச் சோறு போடப்போவதும் அதுதான். எதற்கு ரெண்டு?

புவனா_உயிரியல்:
செந்தில் அண்ணே, நாளைய வேலை இருக்கட்டும், முதலில் அவள் பிஎச்டி முடிக்க வேண்டும். எந்த மரபணு கூடுதலாக இயங்குகிறது, எது குறைகிறது என்று ஒப்பிட நாங்கள் எடுப்பது டிஇசெக்2, லிம்மா, எட்ஜ்ஆர் என்ற மென்பொருள் கருவிகள். மூன்றுமே ஆர், மூன்றுமே 2001-இல் தொடங்கிய பயோகண்டக்டர் தொகுப்பில் இருப்பவை.

பொங்கோல்_செந்தில்:
பைத்தானுக்கும் பைடிஇசெக்2 வந்துவிட்டதே.

புவனா_உயிரியல்:
வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஆர் ஆக்லாந்தில் இரண்டு புள்ளியியல்காரர்கள் உருவாக்கிய மொழி. எந்த நாளில் எடுத்த சாம்பிள் என்பதால் வரும் வித்தியாசத்தைத் தனியாகப் பிரித்து, மருந்தால் வந்த மாற்றத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நாள், கூட்டல் குறி, மருந்து என்று ஒரே வரி எழுதினால் போதும், அது மொழிக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் சீனியர் விட்டுப்போன ஸ்கிரிப்ட் எல்லாம் ஆர். ராத்திரி பதினோரு மணிக்கு எர்ரர் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்க ஆள் வேண்டாமா?

மழைக்கணக்கு:
நான் வானிலைப் பக்கம். சிங்கப்பூருக்கென்று அமைத்த சிங்-வி என்ற வானிலைக் கணிப்பு மாடலுக்கு அடிப்படை பிரிட்டிஷ் வானிலைத் துறையின் யூனிஃபைட் மாடல், அதில் பெரும்பகுதி ஃபோர்ட்ரான், 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட மொழி. வரைபடம் போட மட்டும் எனக்கு பைத்தான். பொருளாதாரம் படிக்கும் என் ரூம்மேட் ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளை விட்டு நகர்வதே இல்லை. துறைக்குத் துறை இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து எந்த மொழி முதலிடம் என்று பார்த்து உங்கள் தங்கைக்கு என்ன ஆகப்போகிறது?

பொங்கோல்_செந்தில்:
சரி, ஆனால் நாலு வருடத்துக்குப் பிறகு அவள் ஆராய்ச்சியை விட்டு வெளியே வந்தால்? உங்கள் சீனியர் ஸ்கிரிப்ட்டா வேலை வாங்கித் தரும்? முதல் நாளிலிருந்தே பைத்தானும் கூட ஓடட்டும் என்றுதான் சொல்வேன்.

புவனா_உயிரியல்:
ஓடட்டும் அண்ணே, செல் செல்லாகப் பார்க்கும் டேட்டாவுக்கு ஸ்கேன்பை என்ற பைத்தான் கருவி அவளுக்கு எப்படியும் தேவைப்படும். ஆனால் முதல் செமஸ்டரில் ரெண்டையும் தலையில் ஏற்றாதீர்கள். அந்த லேபின் கடைசிப் பேப்பருக்கான நிரல் எந்த மொழியில் இருக்கிறது என்று பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்கட்டும்.