கழுத்துருவைப் போட்டுக்கொண்டு அம்மி அரைத்த கதாநாயகியும் நான் சண்டைக்குப் போன விமர்சகரும்

படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற விமர்சகர் யாரையாவது நேரில் பார்த்துப் பேசியிருக்கிறீர்களா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். நான் பேசியிருக்கிறேன். சண்டை போடத்தான் போனேன்.

எங்கள் வீடு செட்டிநாட்டில், காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பாத்தியம், அதில் ஐந்து புள்ளி வெளியூரிலும் வெளிநாட்டிலும், ஓடு மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தால் மட்டும் யாருக்கும் போன் எடுக்காது. அதனால் ஷூட்டிங்குக்கு வீடு கேட்டு வந்தபோது அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) அதிகம் யோசிக்கவில்லை. பன்னிரண்டு நாள். மெயின் போர்டை மறைக்க வெண்கலத் தாம்பாளத்தை மாட்டினார்கள், முற்றத்தில் உருளி வைத்துப் பூ மிதக்கவிட்டார்கள் (எங்கள் வீட்டில் உருளி பரணில் இருக்கும், அது வேறு விஷயம்), கல்யாணக் காட்சியில் மூன்றாவது வரிசையில் என்னையும் வேட்டியோடு உட்கார வைத்தார்கள். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, பன்னிரண்டு நாளும் ரெண்டாங்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் வந்தது. வேன் பிடித்து நாற்பது பேர் காரைக்குடிக்குப் போனோம். என் தோள்பட்டை இரண்டு விநாடி தெரிந்தது. திரும்பி வரும்போது வேனில் ஒரே அமைதி, கோட்டையூர் தாண்டிய பிறகு சின்னத்தா மட்டும் மெதுவாக, “வீடு நல்லா விழுந்திருக்கு” என்றது. அவ்வளவுதான் பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகையில் விமர்சனம். எழுதியவர் பெயர் வேண்டாம், இப்போதும் எழுதுகிறார். ‘தூண்கள் நன்றாக நடித்திருக்கின்றன, அவற்றில் சாய்ந்து நிற்கிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை’ என்று ஆரம்பித்து, இது வீட்டுத் தரகருக்கு எடுத்துக்கொடுத்த வீடியோ, இந்த வீட்டில் மனிதர்கள் குடியிருந்த தடயமே இல்லை என்று முடித்திருந்தார். அப்பச்சிக்கு வந்த கோபம் இருக்கிறதே! படத்தைத் திட்டியதற்கு இல்லை, குடியிருந்த தடயம் இல்லை என்றதற்கு. நாலு தலைமுறை வாழ்ந்த வீட்டை ஒருத்தன் காலி மனை மாதிரி எழுதிவிட்டான் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பங்குனியில் கம்பன் விழாவுக்கு அவர் காரைக்குடி வந்திருந்தார். மேடையில் பேச இல்லை, சும்மா கேட்க. போட்டோவில் பார்த்த முகம், கண்டுபிடித்துவிட்டேன். டீக்கடையில் பக்கத்தில் போய் நின்று, “சார், நீங்க எழுதினீங்களே, மனுசன் குடியிருக்காத வீடுன்னு, அது எங்க வீடு” என்றேன். சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “அந்த வீட்டுல மழை பெஞ்சா தண்ணி எங்கங்க விழும்?” என்று கேட்டார்.

முற்றத்தில்தான் விழும், வேறெங்கே விழும். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் கொட்டும், அண்டாவை வைத்துப் பிடிப்போம், அந்தச் சத்தத்தில் வளவில் பேசுவது பட்டாலையில் கேட்காது. “அப்ப படத்துல ஏன் விழலை?” என்றார். “மழைப் பாட்டு ஒண்ணு வருது. வெளிய கொட்டுது, உள்ள கதாநாயகி முற்றத்து ஓரமா நிக்கிறா, காலுக்குக் கீழ கல்லு காஞ்சு கெடக்கு. அந்த இடத்துல பேனாவை எடுத்தேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் வெயில் உள்ளே விழுந்து லைட்டிங் கெடுகிறது என்று முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள், அதன் ஒரு மூலைக் கயிற்றைத் தூணில் கட்டிக்கொடுத்ததே நான்தான்.

அப்புறம் சண்டை எங்கே போடுவது. பந்திக் காட்சியில் இலையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள் சார், நுனி வலது பக்கம் இருந்தது, கவனித்தீர்களா என்று நானே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். கவனிக்கவில்லை என்றார். சரி, கழுத்துரு? அதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் படம் முழுக்கக் கழுத்தில் ஒரு பெரிய தங்க நகை போட்டுக்கொண்டு வருவாளே, அதுதான் எங்கள் பக்கத்துக் கழுத்துரு, கல்யாணத்தன்று பூட்டுவது, அப்புறம் வீட்டுக்காரருக்கு அறுபது நடக்கும்போது எடுப்போம், மற்ற நாளெல்லாம் அது பெட்டகத்திலோ பேங்க் லாக்கரிலோ இருக்கும் என்றேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு அம்மியில் மசாலா அரைக்கிறாள். தியேட்டரில் அந்தக் காட்சியில்தான் ஆயா வாயைத் திறந்தது: “இவ குளிக்கும்போதும் போட்டுக்கிருவா போல.” எங்கள் வரிசையே சிரித்தது, படத்தில் அப்போது அம்மா செத்துக்கொண்டிருந்தாள்.

விமர்சகர் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். “இது தெரியாமப் போச்சே, இன்னும் ரெண்டு பத்தி எழுதியிருப்பேன்” என்றார். டீக்குக் காசு நான் கொடுத்தேன். அப்பச்சியிடம் இதுவரை சொல்லவில்லை.

உங்கள் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

தேவகோட்டைக்காரன்:

அண்ணே, நான் மறுபக்கம். ஒரு சின்னப் பத்திரிகையில் நாலு வருஷம் சினிமா விமர்சனம் எழுதினேன். திட்டி எழுதுவது சுலபம், படிக்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும், நல்ல படத்துக்கு எழுதியதை ஒருத்தரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு படத்துக்கு ‘இடைவேளையில் விழித்தேன்’ என்று ஒரே வரி எழுதினேன். பலமாகச் சிரித்தார்கள். மறுநாள் அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர் போன் பண்ணினார். திட்டுவார் என்று பார்த்தால், “எந்த சீன்ல தூங்குனீங்க சார், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. நான் தூங்கவே இல்லை, வரி நன்றாக இருந்ததால் எழுதிவிட்டேன்.

அப்போதுதான் ரோஜர் ஈபர்ட்டைத் தேடிப் படித்தேன். அமெரிக்க விமர்சகர், 1975லேயே புலிட்சர் பரிசு வாங்கியவர், பிடிக்காத படங்களைப் பற்றி எழுதியதை மட்டும் சேர்த்துத் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். 2003 கான் திரைப்பட விழாவில் வின்சென்ட் காலோவின் ‘தி பிரவுன் பன்னி’யைப் பார்த்துவிட்டு அந்த விழாவின் சரித்திரத்திலேயே இவ்வளவு மோசமான படம் வந்ததில்லை என்றார். காலோ அவரைக் குண்டன் என்கிற மாதிரி ஏச, நான் ஒரு நாள் இளைத்துவிடுவேன், ஆனால் இந்தப் படத்தை எடுத்தவர் என்ற பெயர் உங்களை விட்டுப் போகாதே என்று இவர் பதில் கொடுத்தார். சண்டை நமக்குப் புதிதில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. காலோ படத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் வெட்டினார். ஈபர்ட் மறுபடி உட்கார்ந்து பார்த்து, மூன்று நட்சத்திரம் கொடுத்து, எங்கே வெட்டியதால் எது சரியானது என்றும் எழுதினார். தான் திட்டிய படத்தை இரண்டாவது தடவை பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? நான் எழுதியவற்றில் ஒன்றைக்கூட மறுபடி பார்த்ததில்லை.

இன்னொன்று. 2005ல் ராப் ஷ்னைடர் நடித்த ஒரு படத்தை இதே மனிதர் நார்நாராகக் கிழித்தார். 2007ல் ஈபர்ட் உடம்புக்கு முடியாமல் இருந்தபோது அந்த நடிகரிடமிருந்தே பூங்கொத்து வந்தது. எனக்கு அந்த உதவி இயக்குநர் பூ அனுப்ப மாட்டார், அது நியாயம்.

* * *

செக்காலை ரோடு:

தியேட்டர் கேண்டீனில் பதினாறு வருஷம் இருந்தேன். விமர்சனம் எல்லாம் படித்ததில்லை, இடைவேளையே போதும். படம் பிடித்திருந்தால் பப்ஸை வாயில் வைத்துக்கொண்டே ஓடுவார்கள், மீதிச் சில்லறையை விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. படம் சரியில்லை என்றால் நின்று நிதானமாகச் சாப்பிடுவார்கள், இன்னொரு டீ கேட்பார்கள், பெல் அடித்தாலும் நகர மாட்டார்கள். மோசமான படத்துக்குத்தான் எங்களுக்கு வியாபாரம்! முதல் நாள் வாசலில் மைக்கை நீட்டுகிற யூடியூப் பையன்களை உள்ளே விடாதே என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்து சொன்னார்களே, அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று கோர்ட்டுக்குப் போய் அங்கேயும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. மைக்கை நிறுத்தலாம், டீ குடிக்கிறவனை எப்படி நிறுத்துவது.

* * *

கானாடுகாத்தான் வாசி:

எங்கள் தெருவில் மாதம் ஒரு ஷூட்டிங். ஏ.வி.எம். செட்டியாரே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்த ஊர்ப்பக்கம் இது. சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் ‘கவலை இல்லாத மனிதன்’ என்று பெயர் வைத்துச் சொந்தப் படம் எடுத்து, கடனும் கவலையுமாக நின்றதையும் பார்த்தாயிற்று. படம் ஓடாதது இந்த மண்ணுக்குப் புதிதா? பள்ளத்தூர் அண்ணன் ஆயாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், அதுதான் விமர்சனம்.

* * *

பள்ளத்தூரிலிருந்து மறுபடியும்:

கேட்டேன். படம் பெயரே ஆயாவுக்கு மறந்துவிட்டது, கழுத்துரு மட்டும் ஞாபகம் இருக்கிறது. போன மாதம் இன்னொரு கம்பெனியிலிருந்து வீடு பார்க்க ஒரு மேனேஜர் வந்தார். முகப்பில் நின்று தூணைத் தட்டிப் பார்த்தார், ஆத்தங்குடிக் கல்லைக் குனிந்து போட்டோ எடுத்தார். மழை சீன் உண்டா என்று நான் கேட்டேன், உண்டு என்றார். ரெண்டாங்கட்டிலிருந்து ஆயா குரல் வந்தது: “தார்ப்பாயை இவன்கிட்ட குடுக்காதிய.”