விஸ்கியும் எல்டர் பூவும்: கலக்குவதா, குலுக்குவதா?

பாசிக்குடா பார்மேன்:
விஸ்கியோடு எல்டர் பூ லிக்கர் என்கிற இனிப்பு மது சேர்த்து ஷேக்கரில் குலுக்கச் சொல்லி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. 60 மில்லி ரை தானிய விஸ்கி, 20 மில்லி செயின்ட் ஜெர்மெய்ன் (அதுதான் அந்த எல்டர் பூ லிக்கர்), 15 மில்லி டிரை வெர்மூத் (இனிப்புக் குறைந்த மூலிகை வைன்), பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு இரண்டு டேஷ். எலுமிச்சைச் சாறு இல்லை, முட்டை வெள்ளை இல்லை. பிறகு எதற்குக் குலுக்குவது? காற்று ஏறிக் கலங்கும், ஐஸ் நொறுங்கும். நீளக் கரண்டியால் 30 வினாடி கலக்கினால் கண்ணாடி மாதிரி நிற்கும்.

வாவிக்கரை:
எழுதியது நான்தான் அண்ணன், பெயரைச் சொல்லியே ஏசலாம். உங்கள் 30 வினாடி குளிர் நாட்டுக் கணக்கு. மட்டக்களப்புச் சித்திரை வெயிலில் பெட்டியைத் திறக்கும்போதே ஐஸ் வியர்த்து நிற்கிறது. 30 வினாடி கலக்கினால் மிஞ்சுவது தண்ணீர். குலுக்கினால் 15 வினாடியில் வேலை முடியும்.

பாசிக்குடா பார்மேன்:
தம்பி, ஐஸ் உருகினால்தான் குளிரும். அந்தத் தண்ணீரும் பானத்தில் ஒரு பங்கு, ரையின் காரத்தை அதுதான் அடக்கும். ஈர ஐஸா, தண்ணீரை வடித்துவிட்டுப் போடு. கட்டி பெரிதாக இருக்கட்டும். கிளாஸை முதலே பிரீசரில் வை. மறுகா 30 வினாடி.

அறுகம்பே அலை:
செயின்ட் ஜெர்மெய்ன் 2007இல் சந்தைக்கு வந்த போத்தல். நம்முடைய சாராயம் தென்னம்பாளைக் கள்ளை வடித்தது, அதுவே பூவின் சரக்கு. அதை யாரும் கதைக்க மாட்டீர்களா?

பாசிக்குடா பார்மேன்:
கதை விஸ்கியைப் பற்றி. சாராயத்துக்குத் தனியாக வா. அதையும் 30 வினாடிதான் கலக்குவேன்.

புதுப்பொடியன்:
எல்டர் பூ என்றால் மல்லிகையா?

அறுகம்பே அலை:
இல்லை. ஐரோப்பாவில் வெள்ளை வெள்ளையாகக் கொத்தாகப் பூக்கிற சிறு மரம்.

வாவிக்கரை:
ஏசி அறையில் நின்று வெள்ளைக்காரருக்கு ஊற்றுகிறவருக்கு, முற்றத்தில் நின்று கலக்குகிறவன் பாடு எங்கே தெரியும்?

பாசிக்குடா பார்மேன்:
ஏசியா? 11 வருடம் கடற்கரை மணலில் நின்று கலக்கியவன் நான்! வாடிக்கையாளர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், ஒரு துளி கலங்கல் இருக்காது. போன சீசனில் நீ தந்த மான்ஹாட்டன் விஸ்கி காக்டெய்லில் ஐஸ் தூள் மிதந்தது, மறக்கவில்லை.

வாவிக்கரை:
அதைக் கேட்டு வாங்கி இரண்டு கிளாஸ் குடித்ததும் நீங்கள்தான். ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துப் போன என் ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. அதைத் தந்துவிட்டு ஐஸைப் பற்றிக் கதையுங்கள்.

பாசிக்குடா பார்மேன்:
பெட்டியின் மூடி ஏற்கெனவே உடைந்திருந்தது. உன் ஐஸ் ஏன் வியர்க்கிறது என்று இப்போது விளங்குகிறதா? பெட்டியை நாளைக்குக் கல்லடிப் பாலத்தடியில் வந்து எடு. 30 வினாடியை மாற்ற மாட்டேன்.

வாவிக்கரை:
மூடியை உடைத்தது யார்?