ஓவியர் பெரியப்பாவின் சூப்பர் 8 ரீல்கள்: என்ன செய்வது?

வேளச்சேரிவாசி:
பெரியப்பா ஓவியர். எழுபதுகளில் எங்கே போனாலும் கையில் ஒரு சூப்பர் 8 கேமரா (வீட்டுப் படம் எடுக்கும் சின்ன ஃபிலிம் கேமரா) இருக்கும். அவர் போன பிறகு பெரியம்மா பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கித் தந்தார். முப்பத்துச் சொச்சம் ரீல்கள், சிலவற்றில் மட்டும் 'சோழமண்டலம்' (சென்னைப் பக்கத்து ஓவியர் கிராமம்), 'பொங்கல்' என்று பென்சில் எழுத்து. திறந்ததும் குப்பென்று புளிப்பு வாடை. பழைய புரொஜெக்டரும் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கலாமா? டிஜிட்டல் பண்ணிவிட்டு ரீல்களைக் கடாசிவிடலாம் என்கிறான் தம்பி.

ஃபிலிம்சுருள்:
புரொஜெக்டர் பக்கமே போகாதீர்கள். இந்த ரீல்கள் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம், அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அதுதான் அந்த வாடை, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். சென்னை வெக்கையில், அதுவும் பரணில், கேட்கவே வேண்டாம். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் பல்லில் உட்காராமல் கிழியும். வாடை அடிப்பதைத் தனியே பிரித்து முதலில் அதை ஸ்கேனுக்குக் கொடுங்கள். சுவரில் ஓட்டிக் கேமராவில் பிடித்துத் தருவதையும் சிலர் 'டிஜிட்டல்' என்பார்கள், ஏமாறாதீர்கள். ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு படமாக எடுக்கும், பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரா என்று கேளுங்கள். அப்புறம், இந்த ரீல்கள் பெரும்பாலும் நொடிக்கு 18 ஃபிரேம். வீடியோவின் வேகமான 25-இல் ஓடவிட்டால் பெரியப்பா சாப்ளின் மாதிரி நடப்பார்.

கறுப்புவெள்ளை:
தம்பி பேச்சைக் கேட்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போகும், குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் ஃபிலிம் பல பத்தாண்டுகள் நிற்கும். 'போரடிக்கிற' துண்டுகளையும் வெட்டாதீர்கள். பின்னால் பாதி வரைந்த கேன்வாஸ் ஒன்று நின்றால், அந்தப் படம் எப்போது வரையப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டுப் படம்தானே என்று நினைக்காதீர்கள். காலணியால் தாளம் தட்டி ஆடும் அமெரிக்க 'டாப்' (tap) நடனக்காரர்கள் நிக்கலஸ் சகோதரர்களின் 1930, 40களின் வீட்டுப் படங்கள் 2011-இல் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், அதாவது பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில், சேர்ந்தன. நியூயார்க்கின் நாடக வீதி பிராட்வே, அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம், கறுப்பினக் குடும்பங்களின் அன்றாடம் எல்லாம் அதில் இருக்கிறது, அன்றைய ஹாலிவுட் அதையெல்லாம் எங்கே காட்டியது?

வேளச்சேரிவாசி:
சரி, ரீல்கள் இருக்கட்டும். ஆனால் சிலவற்றை வெளியாள் பார்க்கக்கூடாது என்கிறார் பெரியம்மா.

ஃபிலிம்சுருள்:
நியாயம்தான். ஸ்கேன் மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். ஒரு ரீலில் மூன்று நிமிடம் சொச்சம்தான் படம், மொத்தமும் பார்க்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் ஆகும். பெரியம்மாவோடு உட்கார்ந்து, யார், எங்கே, எந்த வருஷம் என்று அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ, மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனையோ கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் எந்த ரீலை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.